புலித் தலை, பாம்பு வால், ஒரு குளியலறை

என் கணவர் எந்த வேலையையும் இதுவரை முடியாது என்று சொன்னதில்லை. பிரச்சினையே அதுதான். முடியாது என்று சொல்கிற மனிதரோடு குடித்தனம் நடத்திவிடலாம். ஒரு சண்டை போட்டுவிட்டு, வேறு ஆளைப் பிடித்து, வேலையை முடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். இவரோ எதைக் கேட்டாலும் "பண்ணிடலாம்" என்பார். முகமெல்லாம் பல்லாகச் சொல்வார். அன்றைக்கே ஆரம்பித்தும்விடுவார். முடிப்பதுதான் கிடையாது.

கலிபோர்னியாவில் இருக்கிற டப்ளினில் நாங்கள் வீடு வாங்கி ஆறு வருடம் ஆகிறது. கராஜில் மூன்று சுவருக்குப் பெயின்ட் அடித்திருக்கிறது. பூஜை அலமாரிக்கு இரண்டு கதவு என்று திட்டம், ஒன்று இருக்கிறது. கொல்லையில் புடலம்பந்தலுக்கு நட்ட நான்கு கால்கள் நிற்கின்றன, மேலே கம்பி கட்டவில்லை. புடலை பாவம், எவ்வளவு நாள் காத்திருக்கும்? வேலியேறிப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காய்த்துக்கொண்டிருக்கிறது. அவர் அதைப் பாம்பு என்று நினைத்து முதல் வருடம் நகரசபைக்கு போன் பண்ணப் பார்த்தார்.

இந்த மனிதர் கையில்தான் என் அப்பாவின் வருகை சிக்கிக்கொண்டது.

அம்மா போய் நான்கு வருடம். அப்பா திருச்சியில் தனியாக இருந்தார். எழுபத்தாறு வயது, பொதுப்பணித்துறையில் கட்டட ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர், இடது முட்டி மடங்காது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் நான் "வாங்கப்பா" என்பேன். அவர் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பார். வெயில் என்பார், குளிர் என்பார், எதிர்வீட்டுக் கல்யாணம் என்பார். போன ஏப்ரலில் ஒரு நாள் நான் விடவில்லை. கடைசியில் அவர் சொன்னார்:

"உங்க வீட்டுல குளிக்கிறது மாடில. என் கால் இருக்கிற லட்சணத்துல தினம் படி ஏறி இறங்க முடியுமா? கீழ குளிக்க ஒரு இடம் இருந்தா சொல்லு, வரேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து என் கணவரின் குரல் கேட்டது. "பண்ணிடலாம் மாமா!"

நான் போனைப் பொத்தினேன், அதற்குள் அப்பாவுக்குக் கேட்டுவிட்டது.

கீழே மாடிப்படியை ஒட்டி ஒரு சின்னக் கழிவறை இருந்தது. பக்கத்துத் துணி அலமாரியின் இடத்தையும் அதோடு சேர்த்தால் ஷவர் வைத்த குளியலறை ஆகிவிடும். ஆள் வைத்துச் செய்யலாம் என்றேன். குழாய் வேலைக்கு மட்டும் ஆள் போதும், மற்றதெல்லாம் நாமே பண்ணிடலாம் என்றார். மே மாதம் முழுக்க எக்செல் போட்டார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் கட்டி, ஆபீஸில் பிராஜெக்ட் பண்ணுவதுபோலவே வாரவாரியாகப் பிரித்து, அதை அச்செடுத்து பிரிட்ஜில் ஒட்டினார். ஜூனில் ஒரே வாரயிறுதியில் பழைய கழிவறையைத் தரைமட்டம் ஆக்கினார். அதிலெல்லாம் சூரர். இடிக்கும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே! குழாய்க்காரர் வந்து அவர் வேலையை இரண்டே நாளில் முடித்துவிட்டுப் போனார். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. முன்பு கீழே ஒரு கழிவறையாவது இருந்தது, இப்போது அதுவும் இல்லை. அக்டோபர் பத்தாம் தேதிக்கு அப்பாவுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.

ஜூலை நடுவில் கேட்டேன். "ஆடி பொறந்துடுச்சும்மா. ஆடில புது வேலை ஆரம்பிக்கக் கூடாது" என்றார். ஜவுளிக்கடைத் தள்ளுபடி விளம்பரத்தைப் பார்த்து ஆடி என்று தெரிந்துகொள்கிற ஆள் இவர். அமாவாசை எது, பௌர்ணமி எது என்று வானத்தைப் பார்த்தாலும் தெரியாது. எனக்கு வந்த கோபத்தில் சுத்தியலை எடுத்து நானே எதையாவது இடித்திருப்பேன், ஆனால் இடிக்க ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது பக்கத்து இருக்கைக்காரியிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் சீனாக்காரி, செங்டுப் பக்கம். என்னைவிட இரண்டு வயது பெரியவள். ஏழு வருடமாக என் எலுமிச்சைச் சாதத்தில் பாதி அவளுக்கு, அவள் கொண்டுவரும் காராமணிக்காய் ஊறுகாய் எனக்கு. நான் அரைமணி நேரம் புலம்பியதை மென்றுகொண்டே கேட்டாள். பிறகு அவள் மொழியில் ஏதோ சொன்னாள். என்ன என்று கேட்டேன்.

"புலித் தலை, பாம்பு வால்" என்று அர்த்தம் சொன்னாள். ஆரம்பம் புலிபோல இருக்கும், போகப் போகச் சுருங்கிக் கடைசியில் பாம்பு வால். அவர்கள் மொழியில் நாலே எழுத்தாம். என் அரைமணிப் புலம்பல் அந்த நாலு எழுத்துக்குள் அடங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் என் கணவர் சோபாவில் சாய்ந்துகொண்டு யூட்யூபில் யாரோ டைல்ஸ் ஒட்டுவதை ரசித்துக்கொண்டிருந்தார். நான் திட்டம் போட்டெல்லாம் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. "உங்களை மாதிரி ஆளுக்குச் சீனாவுல ஒரு பழமொழி வச்சிருக்காங்க" என்று சொல்லி, புலியையும் பாம்பையும் விளக்கினேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, நல்லா இருக்கே! திருப்பிச் சொல்லு." சொன்னேன். "புலித் தலை... பாம்பு வால். சூப்பர்ல? நாலே வார்த்தைல ஆளையே படம் புடிச்சுட்டான் பாரு!" என்று தன்னைத்தானே பாராட்டுவதுபோல் சிரித்தார். சிரித்தவர் எழுந்து போனார். ராச்சாப்பாட்டுக்குள் ஒரு சுவருக்குப் பலகை அடித்து முடித்துவிட்டார். ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை வேறு!

நான் சமையலறையில் கரண்டியோடு நின்றேன். இதையேதானே பதினெட்டு வருடமாகத் தமிழில் சொல்கிறேன், ஆரம்ப சூரத்தனம் என்று? அப்போதெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டவர், சீனாக்காரன் சொன்னால் பலகை அடிக்கிறார். நம் ஆட்களே இப்படித்தான். பெண்டாட்டி சொன்னால் நச்சரிப்பு. அதையே சீனாவில் சொல்கிறார்கள் என்றால் மேனேஜ்மென்ட் தத்துவம். சரி, அப்படியே இருக்கட்டும், எனக்கு வேலை நடந்தால் போதும் என்று முடிவு செய்தேன்.

அதன் பிறகு தினம் மதியம் அவளிடம் ஒன்று வாங்கிக்கொண்டு வருவேன். வேலையை முடிப்பதைப் பற்றியும் முடிக்காததைப் பற்றியும் அவர்கள் மொழியில் இருக்கிற சொல்வளம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அத்தனை பெண்டாட்டிகள் அத்தனை நூற்றாண்டுகளாகக் கஷ்டப்பட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். ஒரு சனிக்கிழமை வேலை பார்த்துவிட்டு அடுத்த சனிக்கிழமை கிரிக்கெட் ஆடப் போனார். "மூணு நாள் மீன் பிடிச்சானாம், ரெண்டு நாள் வலையைக் காயப்போட்டானாம்" என்றேன். கிரிக்கெட் மட்டையை வைத்துவிட்டு ஈரம் இறங்காமலிருக்கச் சுவருக்குப் பூச்சு அடிக்கப் போனார். எக்செலில் சிவப்புக் கட்டத்தை மஞ்சளாக மாற்றிவிட்டு வேலை நடந்துவிட்டதாகப் பெருமைப்பட்டபோது, "காகிதத்துலயே யுத்தம் பண்ணுறது" என்ற ஒன்றை எடுத்துவிட்டேன். குளியலறைச் சுவரில் மாட்ட, பாட்டுப் பாடுகிற புளூடூத் கண்ணாடி வாங்கலாம் என்று ஒரு நாள் பரபரத்தார். பாம்பு வரையும் போட்டியில் முதலில் வரைந்து முடித்தவன், நேரம் மிச்சம் இருக்கிறதே என்று பாம்புக்குக் கால் வரைந்து தோற்றுப்போன கதையைச் சொன்னேன். கண்ணாடி ஆர்டரை ரத்துசெய்தார். ஆனால் அந்தக் கதையை ஆபீஸில் நாலு பேரிடம் சொல்லிப் பேர் வாங்கிக்கொண்டார்.

இதில் இன்னொரு சௌகரியமும் இருந்தது. பழமொழியைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. எப்போது எடுத்துவிடலாம் என்று காத்திருப்பதிலேயே கோபம் கரைந்துவிடும்.

ஆகஸ்ட் கடைசியில் என் தோழி ஊருக்குப் போனாள், மூன்று வாரம். போகிறபோது கையில் நாலைந்து கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு வாரத்தில் தீர்ந்துவிட்டன. இவரோ சனிக்கிழமை காலையில் காபி டம்ளரோடு வந்து நின்றுகொண்டு, "என்ன, இன்னிக்கு சீனாக்காரங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்கிற நிலைக்கு வந்திருந்தார். பழமொழி வந்தால்தான் கையுறை மாட்டுவார் போலிருந்தது.

அன்று டைல்ஸ் ஒட்டும் வேலை. இரண்டு வரிசை ஒட்டிவிட்டு வெளியே வந்தார். "டைல் சரியா உக்கார மாட்டேங்குது. சுவரே கோணல். பில்டர் பண்ணின தப்பு, நாம என்ன பண்ண முடியும்?" என்றார்.

என் கையில் சரக்கு இல்லை. வாய் சும்மா இருக்குமா? "டிராகன் ஆட்டம் ஆடத் தெரியாதவன், தெரு கோணல்னு சொன்னானாம்" என்றேன்.

அவர் என்னையே ஒரு நிமிடம் பார்த்தார். "சீனாவுலயா?"

"சீனாவுலதான். ரொம்பப் பழசு. ராஜா காலத்துது."

"ஓ" என்றார். கோணல் பார்க்கிற ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஒட்டிய இரண்டு வரிசையையும் பெயர்த்துவிட்டு நேராக ஒட்டினார்.

முதல் பொய்தான் கஷ்டம். அடுத்த வாரம் முழுக்க நான் பட்டறை வைத்து உற்பத்தி செய்தேன். அடிமேல் அடி வைத்தால் அம்மி நகரும் என்பதில் அம்மியை எடுத்துவிட்டு, சீனப் பெருஞ்சுவரை நகர்த்தினேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பதில் உப்புக்குப் பதில் சோயா சாஸ். தான் ஒட்டிய டைல்ஸை போட்டோ எடுத்து எல்லா வாட்ஸாப் குழுவிலும் போட்டு அவர் மெய்மறந்து உட்கார்ந்திருந்தபோது, "பாண்டாவுக்கும் தன் குட்டி பொன்குட்டியாம்" என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வேலையும் நகர்ந்தது. நான் ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு, குறிப்பேட்டில் எந்தப் பழமொழியில் எந்த மிருகத்தை மாற்றலாம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மாதம் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

செப்டம்பரில் ஒரு நாள், "இன்னும் கதவு வைக்கல, தரை போடல, அப்பா வர ஒரு மாசம்கூட இல்லை" என்று நான் ஆரம்பித்தபோது அவர் நிதானமாகத் திரும்பினார்.

"படகு பாலத்துக்கிட்ட போனா தானா நேராயிடும்" என்றார்.

"என்னது?"

"சீனப் பழமொழி. ஏன், உனக்கு மட்டும்தான் தெரியுமா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தோழி ஊரிலிருந்து வந்த அன்றே ஓடிப்போய்க் கேட்டேன். இருக்கிறது என்றாள், அசல், வேலையைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்தமானது, தன் கணவர் தினம் ஒருமுறை சொல்வார் என்றாள். அப்படியென்றால் இவருக்கும் ஆபீஸில் யாரோ சீனாக்காரர் கிடைத்திருக்கிறார்! என் பாண்டாவையும் பெருஞ்சுவரையும் கொண்டுபோய் அந்த மனிதரிடம் காட்டியிருந்தால்? என் மானம் கலிபோர்னியா முழுக்கக் கப்பலேறிவிடுமே.

தோழியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். உங்கள் நாட்டுப் பெயரில் கள்ளச்சரக்கு விற்றுவிட்டேன், மன்னித்துவிடு என்றேன். அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். டைல்ஸ் முடிந்ததா என்று கேட்டாள். சுவர் முடிந்தது, தரைதான் பாக்கி என்றேன். அவள் குனிந்துகொண்டு, தன் வீட்டில் இரண்டு வருடமாக இந்தியப் பழமொழிகள் நடமாடுகின்றன என்றாள். எல்லாம் அவள் பாட்டன் காலத்துச் சீனப் பழமொழிகள்தான், குதிரை வருகிற இடத்தில் யானையைப் போட்டுவிடுவாளாம். அவள் மாமியார்கூட அதை நம்பி, இந்தியர்கள் ஆழ்ந்த சிந்தனையாளர்கள் என்று சொல்லியிருக்கிறாராம். இருவரும் சிரித்த சிரிப்பில் மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

சிரிப்பெல்லாம் பத்து நாள்தான்.

தரைக்கு டைல்ஸ் ஒட்டி, இடுக்குகளில் கிரவுட் பூச்சு நிரப்பி, காய்ந்ததும் அக்டோபர் முதல் தேதி என்னைக் கூப்பிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஷவரைத் திறந்தார். தண்ணீர் வடிகால் பக்கம் போகவில்லை. எதிர்மூலைக்குப் போய்ச் சுவரோரமாகக் குளம் கட்டி நின்றது. தரையில் வடிகாலை நோக்கிச் சரிகிற வாட்டம் இல்லை.

இருவரும் அந்தக் குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இதைச் சரிசெய்யவேண்டுமென்றால் தரையை மொத்தமாகப் பெயர்க்கவேண்டும். அடியில் போட்ட சிமென்டையும் உடைத்து, மறுபடி வாட்டம் பார்த்துப் போட்டு, காயவிட்டு, மறுபடி டைல்ஸ் ஒட்டவேண்டும். இருப்பது ஒன்பது நாள்.

"ஒரு தள்ளுக்கட்டை வாங்கி வச்சிடலாம்" என்றார். "குளிச்சிட்டுத் தள்ளி விட்டுட்டா ஆச்சு. அப்புறமா, மாமா ஊருக்குப் போனதும், நிதானமாப் பண்ணிடலாம்."

எனக்கு எந்தப் பழமொழியும் வரவில்லை. தமிழில் கத்தினேன்.

"எங்கப்பா மடங்காத கால வச்சுக்கிட்டு நின்ன தண்ணில வழுக்கி விழணுமா? தள்ளுக்கட்டையாம்! அவரு குனிஞ்சு தண்ணி தள்ளுவாரா? ஒரே ஒரு வேலை, ஒரே ஒரு வேலையையாவது உங்களால முடிக்க முடியாதா? எங்கம்மாதான் இந்த வீட்டைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தா. இவரையாவது வர விடமாட்டீங்களா?"

கடைசி வாக்கியம் அநியாயம். சொல்லும்போதே எனக்குத் தெரியும். அம்மா விஷயத்தில் ஒத்திப்போட்டது அவர் இல்லை, நான். வீடு வாங்கிய வருடமே அம்மா வருகிறேன் என்றாள். முதலில் பெட்டியெல்லாம் பிரித்து அடுக்கட்டும் என்றேன். அடுத்த வருடம் ஆபீஸில் புது பிராஜெக்ட். அடுத்த சம்மர், அடுத்த சம்மர் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் ஒவ்வொரு தடவையும் விசா பாரத்தை நிரப்பி வைத்தார். அதில் மட்டும் பாதியில் விட்டது நான். நாலு வருடமாகப் பெயின்ட் அடிக்காத சுவருக்கும் கட்டாத பந்தலுக்கும் இவரை நான் கரித்துக் கொட்டுவதில் பாதி, எனக்குச் சேரவேண்டியது.

அவர் ஷவரை மூடினார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னிக்குப் பழமொழி ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்.

"எல்லாம் பொய்" என்றேன். "பாதி நானே கட்டிவிட்டது."

"தெரியுமே."

"யாரு சொன்னா, உங்க ஆபீஸ் சீனாக்காரரா?"

"அவரு எதுக்கு? தெரு கோணல்னு எங்கம்மா சொல்லிச் சொல்லித்தானே என்னைக் கணக்குப் பரீட்சைக்கு அனுப்புவாங்க? நடுவுல ஒரு டிராகனைக் கொண்டுவந்து நிறுத்திட்டா எனக்கு அடையாளம் தெரியாமப் போயிடுமா? பாண்டா பொன்குட்டின்னு சொன்னப்ப பாத்ரூமுக்குள்ள போயிச் சத்தம் வராமச் சிரிச்சேன்."

"அப்புறம் ஏன் நம்பின மாதிரி தலையாட்டினீங்க?"

"நீ திட்டினா எனக்கு எங்கயாவது ஓடிடலாம்னு இருக்கும். பழமொழின்னா, ஆபீஸ் விட்டு வந்து, எனக்குன்னு உக்காந்து யோசிச்சிருக்கியே. அதுக்காகவாவது நாலு டைல் ஒட்டலாம்னு தோணுச்சு." சுத்தியலை எடுத்துக்கொண்டார். "கொஞ்சம் நகரு, சில்லு தெறிக்கும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. பதினெட்டு வருடத்தில் இந்த மனிதரிடம் வேலை வாங்க எத்தனை வழி பார்த்திருக்கிறேன், இவ்வளவு சுலபமான வழி ஒன்று இருந்தது தெரியாமல் போயிற்று. அன்று சாயங்காலம் வரை உடைத்த சில்லுகளை வாளியில் அள்ளிக் கொட்டினேன்.

மறுநாள் அவர் செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. திருச்சிக்கு வீடியோ கால் போட்டார். "மாமா, வாட்டம் தப்பாப் போச்சு. எப்படிப் போடறது?" என்று கேட்டார். அப்பா சட்டை போடாமல் ஈசிசேரில் இருந்தார். சேரின் கைப்பிடியை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"போனைத் தரைகிட்டக் கொண்டு போங்க மாப்பிள்ளை. ம்... வடிகால் வாய் எங்க இருக்கு? நாலு மூலைலேருந்தும் அதுக்கு நூல் கட்டுங்க. அடிக்குக் கால் இஞ்சு இறக்கம். நூலைப் பார்த்துப் போடுங்க, கண்ணை நம்பாதீங்க."

நான்கு நாள் அந்த வீடியோ கால் ஓடிக்கொண்டே இருந்தது. மாமனார் அங்கிருந்து அதட்ட, மாப்பிள்ளை இங்கிருந்து மட்டப்பலகையை இழுத்தார். "அந்த மூலை ஏறியிருக்கு, சுரண்டுங்க" என்று அப்பா சொல்வார். இவர் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் சுரண்டினார். பத்தாம் தேதி காலையில் கடைசியாகக் கதவைப் பொருத்திவிட்டு, சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு ட்ரைவ் பண்ணினார். அவர் தலைமயிரில் கிரவுட் இருந்தது.

அப்பா வந்த மறுநாள் காலை. இவர் மாடியில் ஏதோ மீட்டிங்கில் இருந்தார். அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஒரு மக் குடு" என்றார். ஷவர் இருக்கிறதே என்றேன். "அது குளிக்கிறதுக்கு. இது பார்க்கிறதுக்கு" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மூலைக்கு ஒரு மக் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நான்கு முறை கேட்டது. பிறகுதான் ஷவர் சத்தம் வந்தது. நான் கதவுக்கு வெளியே பரீட்சை முடிவுக்கு நிற்பதுபோல் நின்றேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார். "நாலு மூலையும் ஓடுது" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். காபியை ஆற்றிக் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்தார்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்கப்பா."

"கீழ குளிக்க இடம் இருந்தா வரேன்னு சொன்னேன்ல. அது வரக்கூடாதுன்னு சொன்னது."

எனக்குப் புரியவில்லை.

"மாப்பிள்ளை எதை ஆரம்பிச்சாலும் முடிக்க மாட்டாருன்னு நீதானே வாராவாரம் போன்ல பாட்டுப் படிப்பே. அந்த தைரியத்துல சொல்லிட்டேன். இவரு எங்க கட்டப்போறாரு, நாம எங்க போகப்போறோம்னு நிம்மதியா இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு மாதம் நான் அடித்த கூத்தையெல்லாம் நினைத்துச் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். பிறகு, "ஏம்ப்பா வரக்கூடாதுன்னு நினைச்சீங்க?" என்று கேட்டேன்.

"அவ பார்க்காத வீட்டை நான் மட்டும் வந்து எப்படிப் பார்க்கிறது?" என்றார். டம்ளரை மேசையில் வைத்தார். "வாட்டம் கேட்டு மாப்பிள்ளை கூப்பிட்டப்ப, தப்பா சொல்லிடலாமான்னு ஒரு நிமிஷம் நினைச்சேன். முப்பத்தஞ்சு வருஷம் பார்த்த வேலை. வாய் வரலை."

"அம்மா கேட்டுக்கிட்டேதாம்ப்பா இருந்தா. நான்தான் அடுத்த வருஷம் அடுத்த வருஷம்னு..." நாலு வருடமாக யாரிடமும் சொல்லாதது. அழுதேன்.

அப்பா என்னைத் தடுக்கவில்லை. அழுது முடித்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வா, தோள் குடு. மாடிக்குப் போகலாம்."

"உங்களாலதான் ஏற முடியாதேப்பா!"

"தினம்தான் ஏற முடியாது. ஒரு தடவை ஏறலாம்."

ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினோம். மேலே சத்தம் கேட்டு என் கணவர் மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்து மறுபக்கம் பிடித்துக்கொண்டார். எங்கே போகவேண்டும் என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. கிழக்குப் பார்த்த அறை. வீடு வாங்கிய புதிதில் நான் வீடியோவில் காட்டி, இது உனக்கு என்று அம்மாவிடம் சொன்ன அறை. அப்பா கதவருகே நின்று மூச்சு வாங்கினார். உள்ளே போகவில்லை. அந்தப் பெரிய ஜன்னலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவு அளவுக்கு ஜன்னல்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தா" என்றார். "நான்தான் நம்பலை."